பெட்ரோல் மட்டும்

அத்தியாயம் 9

"அண்ணே, டீசல் போட மாட்டேன். மூடியைப் பாருங்க. செவப்புல கொட்டை எழுத்து, 'பெட்ரோல் மட்டும்'னு. நாளைக்கு இஞ்சின் செத்துச்சுன்னா முதலாளி என்னைத்தான் குதறுவார்."

"ஏம்மா, வண்டியை ஓட்டுறது நானா, அந்த மூடியா? டீசல்னா டீசல். போடு."

எஜுரா ஊர் முனையில் இருந்த பங்க்கில் காலை ஒன்பது மணிக்கு இந்தச் சண்டை நடந்தது. ஹர்மட்டான் காற்று வடக்கேயிருந்து அள்ளி வந்த தூசியில் சூரியன் தேய்ந்த அலுமினியத் தட்டு மாதிரி வெளிறியிருந்தது. சண்டை போட்டவர்கள் இரண்டு பேர். பம்ப் குழாயைக் கையில் பிடித்த பெண்ணும், நீல நிற பிக்கப் ஒன்றின் ஓட்டுநரும்.

வரிசையில் அடுத்து நின்ற காருக்குள் உட்கார்ந்து டான்சோ வறுத்த வேர்க்கடலை தின்றுகொண்டிருந்தார். வயது ஐம்பத்து மூன்று. குமாசியில் தனியார் துப்பறியும் அலுவலகம். எஜுரா சபையின் ஒலிபெருக்கி காணாமல் போன வழக்குக்காக வந்தவர், பாஸ்டரின் மைத்துனர் அதைக் கல்யாண வீடுகளுக்கு வாடகைக்கு விடுவதை அரை நாளில் கண்டுபிடித்துவிட்டு ஊர் திரும்பிக்கொண்டிருந்தார். ஸ்டியரிங்கில் அவருடைய உதவியாளர் அராபா. கடற்கரைப் பக்கத்துப் பெண். வாய் சும்மா இருந்தால் அவளுக்குக் காய்ச்சல் வந்துவிடும்.

"பாஸ், அந்த வண்டியைப் பாருங்க. வெளியே நீலம், மூடிக்கு உள்பக்கம் வெள்ளை. எழுத்துல பெட்ரோல், வயித்துல டீசல். தேர்தல்ல நின்னா ஜெயிச்சுடும்."

வழக்கமாக டான்சோ இந்த மாதிரிப் பேச்சுக்கு மூக்கால் ஒரு சிரிப்பு சிரிப்பார். இன்றைக்குச் சிரிக்கவில்லை. கடலை எடுத்த கை பாதியில் நின்றது. வெள்ளை என்ற சொல்தான் நிறுத்தியது.

பம்ப்புப் பெண் கடைசியில் தோற்றுப்போய் டீசலையே போட்டாள். ஓட்டுநர் ஏறி உட்கார்ந்தார். உடனே சாவியைத் திருகவில்லை. குனிந்து இடது கையை எதற்கோ அடியில் கொண்டுபோனார். உதடுகள் அசைந்தன. ஒன்று, இரண்டு, மூன்று...

டான்சோவும் கூடவே எண்ணினார். பத்து.

பிறகுதான் சாவி திரும்பியது. 'டக டக டக' என்று நெஞ்சை இடிக்கிற சத்தத்தோடு வண்டி உயிர் பிடித்தது.

"அராபா, நோட்டை எடு."

"எந்தக் கேஸ் பாஸ்?"

"சாஃபோ."

அவள் முகத்தில் இருந்த சிரிப்பு துடைத்தது மாதிரி போய்விட்டது. பின் இருக்கையில் கிடந்த பெரிய தோள்பையை மடிக்கு இழுத்துக்கொண்டாள். "பெட்ரோல் போட வேண்டாமா நமக்கு?"

"அது அப்புறம். முதல்ல அவன் பின்னாடி போ."

பத்து மாதம் முன்னால் நடந்த கதை அது. குமாசியில் சுவாமே மேகசின் என்றால் பட்டறைகளின் கடல். ஆயிரக்கணக்கான தகரக் கொட்டகைகள். அதில் ஒரு கொட்டகை சாஃபோவுடையது. பெட்ரோல் குடித்தே ஆளை ஆண்டியாக்கும் வண்டிகளிலிருந்து இஞ்சினை இறக்கிவிட்டு, பழைய டீசல் இஞ்சின் ஒன்றை அளந்து, வெட்டி, ஒட்டி, உட்கார வைப்பதில் அவனுக்குப் பெயர். சேனைக்கிழங்கு வியாபாரி அஜேமான் இறந்துபோன பிறகு, அவர் விட்டுப்போன வெள்ளை பிக்கப்பை அவர் மனைவி பிராகோ டீசலுக்கு மாற்றச் சொல்லி அவனிடம் கொடுத்திருந்தாள். வேலை முடிந்த மறுநாள் காலை வண்டியைக் காணோம்.

அஜேமானின் அண்ணன் ஒபெங் கொதித்துப்போய் டான்சோவைத் தேடி வந்தார். தம்பி சொத்து தம்பி பிறந்த குடும்பத்துக்கு, வண்டியை அந்தப் பொம்பளைதான் ஒளித்திருக்கிறாள், கண்டுபிடி என்றார். டான்சோவுக்கு அந்த ஆளைப் பார்த்ததுமே பிடிக்கவில்லை. நாற்பதாம் நாள் சடங்கு முடிந்த கையோடு சாவிக்கொத்தைக் கேட்டு வந்த கூட்டம். பிராகோவையோ பார்த்ததுமே நம்பிவிட்டார். கறுப்புத் துணி கட்டி, மூன்று பிள்ளைகளுக்கு நடுவில் உட்கார்ந்து, சத்தம் வராமல் அழுதாள்.

சாஃபோ தன் வாயாலேயே மாட்டிக்கொண்டான். "சார், அந்த வண்டியைச் சும்மா எவனும் எடுத்துட்டுப் போக முடியாது. வீட்டு வாசல்ல அடிக்கிற மணி இருக்குல்ல, அந்தப் பொத்தானை டேஷ்போர்டுக்கு அடியில வெச்சிருக்கேன். அதைப் பத்து எண்ற வரைக்கும் அழுத்துனாத்தான் உள்ளே கம்பி பழுத்து இஞ்சின் பத்தும். இல்லேன்னா நாள் முழுக்கத் திருகினாலும் கிர்ருன்னு சுத்தும், அவ்வளவுதான். நிறுத்தணும்னா சீட்டுக்குக் கீழே ஒரு வயரை இழுக்கணும்." சொல்லும்போது அவன் முகத்தில் வெளிச்சம். தன் கைவேலையைச் சொல்கிற மனிதனின் வெளிச்சம். அதையே எடுத்து டான்சோ அவன் கழுத்தில் சுருக்காகப் போட்டார். வேறு யாராலும் கிளப்ப முடியாத வண்டி என்றால், கிளப்பியவன் நீதானே?

"அந்தம்மாவுக்கு முந்தின நாள் சாயங்காலம் சொல்லிக் குடுத்தேனே சார். கேட்டுப் பாருங்க."

கேட்டார். இஞ்சினை இறக்கக் கொடுத்த நாளுக்குப் பிறகு அந்த வண்டியை நான் கண்ணால் பார்க்கவில்லை என்று பிராகோ சொன்னாள். ஒரு கைம்பெண்ணைப் பொய்யில் இழுக்கிறானே என்று டான்சோவுக்கு ஆத்திரம் வந்தது. சாஃபோ அன்று காலை போயிருந்ததாகச் சொன்ன கடைசல் பட்டறைக்கு ஒருமுறை போனார். பூட்டியிருந்தது. மறுபடி போகவில்லை.

இரண்டு மாதத்தில் தீர்ப்பு, மூன்று வருடம் சிறை. 'கைம்பெண்ணின் கண்ணீர் துடைத்த துப்பறிவாளர்' என்று பத்திரிகையில் படத்தோடு வந்தது. அதை அராபா வெட்டி அலுவலகச் சுவரில் ஒட்டினாள். இரண்டு மாதம் கழித்து டான்சோ அதை எடுத்து மேசை இழுப்பறைக்குள் போட்டுவிட்டார். கண் கூசுகிறது என்று காரணம் சொன்னார். சாஃபோ விற்றுவிட்டதாக டான்சோ கோர்ட்டில் சொன்ன வண்டியை வாங்கிய ஆள் இன்றுவரை கிடைக்கவில்லை. வீட்டுக்குப் போக சுவாமே வழிதான் சுருக்கம். அவர் இப்போதெல்லாம் ஊரைச் சுற்றிக்கொண்டுதான் போகிறார்.

நீல வண்டி செம்மண் சாலையில் இறங்கித் தூசியைக் கிளப்பிக்கொண்டு முன்னால் ஓடியது.

"அதேதானா பாஸ்? இந்த ஊர்ல நீல வண்டிக்கா பஞ்சம்?"

"மூக்கைப் பாரு."

"தாழ்ந்திருக்கு. பின்னாடி ஏத்தின வண்டி பின்னாடி தாழணும். இது சும்மா போறப்பவே முன்னாடி குனியுது."

"டீசல் இஞ்சின் கனம். பெட்ரோல் வண்டிக்குப் போட்ட ஸ்பிரிங் அதைத் தாங்காது. சாஃபோ அதுக்கு ரெண்டு பட்டை சேர்த்தேன்னு சொன்னான். போதலை போல."

"அப்ப வண்டியை அவன்தான் வித்தான், வாங்கினது இந்த ஆளு. நாம சொன்னது சரின்னு ஆயிடும். நீங்களும் இனிமே ஊரைச் சுத்தாம வீட்டுக்குப் போகலாம்." அவள் அவரைத் திரும்பிப் பார்க்காமல் சொன்னாள். "எனக்குத் தெரியாதுன்னு நினைச்சீங்களா? பெட்ரோல் யாரு போடுறா?"

டான்சோ அதைத்தான் வேண்டிக்கொண்டிருந்தார். அந்த ஓட்டுநர் 'சாஃபோ என்ற ஆளிடம் வாங்கினேன்' என்று சொல்லிவிட வேண்டும். ஒரு மனிதன் திருடனாகவே இருக்க வேண்டும் என்று இன்னொரு மனிதன் இப்படி மனமுருகி வேண்டலாமா என்று தோன்றியது. தோன்றியும் வேண்டுதல் நிற்கவில்லை.

வண்டி ஒரு கிழங்கு முற்றத்துக்குள் நுழைந்தது. ஓலைப் பந்தலின் கீழே சேனைக்கிழங்குகள் ஆள் உயரத்துக்கு அடுக்கியிருந்தன. ஓரத்தில் மூன்று கல் அடுப்பில் பெரிய பானை கொதித்தது. ஓட்டுநர் குனிந்து சீட்டுக்கு அடியில் எதையோ இழுத்தார். இஞ்சின் ஒரு குலுங்கு குலுங்கி அடங்கியது.

"வயர்," என்றாள் அராபா மெதுவாக.

டான்சோ முகத்தில் ஒரு வியாபாரிச் சிரிப்பை வரவழைத்துக்கொண்டு இறங்கிப்போனார். "அண்ணே, வணக்கம். பங்க்கில பார்த்தேன். என்கிட்டயும் இதே மாதிரி ஒரு பெட்ரோல் வண்டி. என் சம்பாத்தியம் பூரா அதுதான் குடிக்குது. இதை யார் மாத்திக் குடுத்தாங்க?"

ஓட்டுநர் முமுனிக்கு ஐம்பதைத் தாண்டிய வயது. வண்டியைப் பற்றிக் கேட்டால் போதும் என்கிற ஆள். பானெட்டைத் தூக்கியே காட்டினார். "பாருங்க, பொறந்ததுலேர்ந்து இங்கேயே இருந்த மாதிரி உக்காந்திருக்கா இல்லையா? இஞ்சினைத் தாங்குற இந்தக் கை இருக்கே, கடையில கிடைக்காது. அந்த மாஸ்டரே வெட்டி ஒட்டுனது. நாப்பது வருஷமா வண்டி ஓட்டுறேன், இப்படி ஒரு கை பார்த்ததில்லை."

"எங்கே இருக்கார் அவர்?"

"குமாசியில இருந்தாராம். இப்ப ஜெயில்லன்னு மேடம் சொன்னாங்க. பாவம், என்ன பண்ணாரோ."

"வண்டியை யார்கிட்ட வாங்கினீங்க?"

"நான் எங்கே வாங்க? மேடமோட வண்டி இது. அவங்களே குமாசியிலேர்ந்து ஓட்டிக்கிட்டு வந்தாங்க."

"எந்த மேடம்?" என்று கேட்டது, பின்னாலேயே வந்து நின்ற அராபா.

பதில் பந்தலின் அந்தப் பக்கத்திலிருந்து வந்தது. "வந்துட்டீங்களா ஐயா?"

கையில் துடுப்பு மாதிரி நீளமான மரக்கரண்டியோடு பிராகோ நின்றாள். கறுப்புத் துணி இல்லை. மங்கிய மஞ்சள் உடை. அவள் ஓடவில்லை. திடுக்கிடக்கூட இல்லை. தினமும் வாசலைப் பார்த்துக் காத்திருந்து அலுத்துப்போன ஆள் மாதிரி இருந்தாள்.

"முமுனி அண்ணே, கிழங்கு ஏத்த ஆளுங்களைக் கூட்டிக்கிட்டு வாங்க," என்று ஓட்டுநரை அனுப்பினாள். பிறகு இரண்டு முக்காலிகளைத் தள்ளினாள். டான்சோ உட்காரவில்லை.

"நீங்களாம்மா எடுத்தது?"

"நான்தான். வண்டி அவரோடது, சரி. இஞ்சின் என்னுது ஐயா. நாலு வருஷம் சந்தையில கிழங்கு வித்து வாங்கின இஞ்சின். உடம்பு அவங்களுதுன்னா நெஞ்சு என்னுது. ரெண்டையும் எப்படிப் பிரிச்சுக் குடுப்பேன்? வெள்ளிக்கிழமை வண்டியை எடுத்துட்டுப் போக வரோம்னு ஒபெங் ஆள் விட்டுச் சொன்னார். மாஸ்டர் காலையில கடைசல் பட்டறைக்குப் போற நேரம் தெரியும். போனேன், மணியை அழுத்தினேன், வந்துட்டேன்."

"அவர்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே?"

"சொன்னா அவரும் பொய் சொல்லணும். தெரியலேன்னா தெரியலேன்னு சொல்லிடுவார், ரெண்டு நாள்ல விட்டுடுவாங்கன்னு நினைச்சேன். போலீஸ் வரும், பார்க்கும், போகும். காணாமப் போன வண்டி எத்தனையோ." அவள் டான்சோவை நேராகப் பார்த்தாள். "நீங்க வருவீங்கன்னு எனக்குத் தெரியாது. இவ்வளவு கெட்டிக்காரர் ஒருத்தர் வருவார்னு தெரியாது."

அது திட்டு இல்லை. திட்டாக இருந்திருந்தால் பரவாயில்லை என்று இருந்தது டான்சோவுக்கு.

"என்னைப் பார்த்துப் பொய் சொன்னீங்க," என்றார். குரல் அவருக்கே உயரமாகக் கேட்டது. "வண்டியைக் கண்ணால பார்க்கவே இல்லைன்னு சொன்னீங்க. அழுதீங்க. நான் நம்பினேன்."

பிராகோ கரண்டியைப் பானையின் மேல் குறுக்கே வைத்தாள். "நீங்க நம்பலேன்னுதான் ஐயா நான் இத்தனை நாளா நினைச்சுக்கிட்டிருக்கேன்."

"என்ன?"

"அன்னிக்கு என் வீட்டுல வெச்சு, பயத்துல வாய் தவறி உளறிட்டேன். வண்டிக்குள்ள வீட்டு மணியைக் கொண்டுவந்து வெச்ச ஆளை நம்பிக் குடுத்தேனேன்னு. சொன்ன அடுத்த நிமிஷம் செத்தேன்னு நினைச்சேன். வண்டியைப் பார்க்காதவளுக்கு மணி இருக்கிறது எப்படித் தெரியும்? ஆனா நீங்க ரெண்டு பேரும் சிரிச்சீங்க. இந்தப் பொண்ணு கூட அதை எழுதிக்கிச்சு. எழுதிட்டு, நீங்க என் பிள்ளைங்களைப் பார்த்தீங்க. 'கவலைப்படாதீங்கம்மா'ன்னு சொல்லிட்டுப் போனீங்க. தெரிஞ்சேதான் என்னை விட்டுட்டுப் போறீங்கன்னு நினைச்சேன். மாஸ்டரையும் எப்படியாவது விட்டுடுவீங்கன்னு நினைச்சேன்."

காற்று பந்தல் ஓலையைச் சரசரவென்று தேய்த்தது.

பின்னால் தாள் புரளும் சத்தம். அராபா நோட்டின் பக்கங்களைத் தள்ளிக்கொண்டே போனாள். பிறகு தள்ளுவது நின்றது.

"காட்டு."

நீட்டினாள். அவளுடைய உருண்டை எழுத்து. தேதி, இடம், பெயர். 'வண்டிக்குள் வீட்டு மணி வைத்தவனை நம்பினேன்' என்ற வரி தெளிவாக இருந்தது. அதன் பக்கத்தில் அராபா பேனாவால் சின்னதாக ஒரு சிரிக்கிற முகம் வரைந்திருந்தாள்.

மணியைப் பற்றி அன்று காலையில்தான் சாஃபோ அவர்களிடம் சொல்லியிருந்தான். தங்களுக்குத் தெரிந்த விஷயம் என்பதால், அது அவளுக்கு எப்படித் தெரிந்தது என்று கேட்கத் தோன்றவே இல்லை. மூன்று வருடச் சிறையைத் தடுத்திருக்கும் விடை அவர்கள் பையிலேயே இருந்தது. அதைப் பையில் வைத்துக்கொண்டுதான் அவர் சாட்சிக் கூண்டில் ஏறினார்.

"தீர்ப்பு அன்னிக்கு கோர்ட் வாசல் வரைக்கும் வந்தேன் ஐயா," என்றாள் பிராகோ. "உள்ளதைச் சொல்லிடலாம்னு. நீங்க படியில நின்னு போட்டோ எடுத்துக்கிட்டிருந்தீங்க. என்னைப் பார்த்ததும் கையைத் தூக்கி, 'எல்லாம் முடிஞ்சுதும்மா, நிம்மதியா வீட்டுக்குப் போங்க'ன்னீங்க. போயிட்டேன். போயிருக்கக் கூடாது. வாரா வாரம் ஜெயிலுக்குச் சோறு கொண்டுபோறேன். அவர் தொடுறதில்லை. பாத்திரம் அப்படியே திரும்பி வருது."

டான்சோவின் கையில் நோட்டு இருந்தது. மூன்றடி தள்ளி அடுப்பு எரிந்தது. ஒரு தாள். கிழித்தால் சத்தம்கூட வராது. நீல வண்டியை நான் பார்க்கவில்லை. ஒலிபெருக்கியைக் கண்டுபிடித்தேன், வீட்டுக்குப் போனேன். சாஃபோவுக்கு எட்டு மாதம் ஓடிவிட்டது, மீதியும் ஓடும். இந்தப் பெண்ணுக்கு வண்டி இருக்கும். பிள்ளைகள் சாப்பிடும். யாருக்கு நஷ்டம்? இந்தக் கணக்கு அவருக்குள் முழுசாக, ஒழுங்காக ஓடி முடிந்தது. அவ்வளவு ஒழுங்காக ஓடியதுதான் அவருக்குப் பயமாக இருந்தது.

அராபா அவர் கண் போன திசையைப் பார்த்துவிட்டாள்.

"பாஸ், அந்த நோட்டு என்னுது," என்றாள். "எரிக்கிறதுன்னா அந்தச் சிரிச்ச மூஞ்சியை நான் என்ன பண்றது? அது என் கண்ணுக்குள்ள இருக்கு."

அது வேடிக்கைப் பேச்சு மாதிரி ஆரம்பித்து வேறு எங்கோ போய் முடிந்தது. அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "தூசி, சனியன்," என்றாள்.

டான்சோ நோட்டை மூடி அவளிடமே கொடுத்தார்.

"பிராகோம்மா, நீங்க கட்டின புருஷன் வண்டியை நீங்க எடுத்ததை எந்த ஜட்ஜும் பெரிசா பேச மாட்டார். பொய் சொன்னதுக்குப் பதில் சொல்லணும். தண்டனை எவ்வளவுன்னு எனக்குத் தெரியாது. ஆனா ஒரு ஆளை உள்ளே தள்ளினது நீங்க மட்டும் இல்லை. அதை நானே எழுதிக் குடுக்கப் போறேன்."

"உங்க பேர் போயிடுமே ஐயா?"

"போகட்டும்."

"எங்களுக்கு வேலையும் போயிடும்," என்றாள் அராபா. "பரவாயில்லை, சபைக்கு ஒலிபெருக்கி தூக்க ஆள் வேணுமாம்."

பிராகோ பானையை இறக்கினாள். பிள்ளைகளைப் பக்கத்து வீட்டிலிருந்த அக்காவிடம் விட்டுவிட்டு வந்தாள். வண்டியில் அவளே ஏறி உட்கார்ந்தாள். டான்சோ பக்கத்தில் ஏறினார். அவள் விரல் டேஷ்போர்டுக்கு அடியில் போனது. பத்து எண்ணும் வரை இருவரும் ஒருவரை ஒருவர் பார்க்கவில்லை.

மம்போங் ஏற்றத்தைத் தாண்டிக் குமாசி வரை பின்னால் காரில் அராபா வந்துகொண்டே இருந்தாள். குமாசியில் முதலில் போலீஸ். டான்சோ எழுதி நீட்டியதை ஆய்வாளர் இரண்டு முறை படித்துவிட்டு, "டான்சோ, இதைக் குடுத்தா கோர்ட்ல இனிமே உங்க சாட்சியை ஒரு வக்கீலும் மதிக்க மாட்டான்," என்றார். "தெரியும்," என்று டான்சோ கையெழுத்துப் போட்டார். பிராகோவும் தன் வாக்குமூலத்தில் போட்டாள்; கூப்பிடும்போது வர வேண்டும் என்று சொல்லி அவளை விட்டார்கள். அடுத்து, அந்தப் பழைய படத்தைப் போட்ட பத்திரிகைக்காரருக்கு போன்.

மறுநாள் முற்பகல், சிறையின் பார்வையாளர் அறை. நீளமான மேசை, இரண்டு பக்கமும் பெஞ்ச். சாஃபோ பாதியாக இளைத்திருந்தான். நகங்களுக்குள் இருந்த கரி எட்டு மாதத்தில் போய்விட்டது. கை வேறு யாருடையதோ மாதிரி இருந்தது. பிராகோவைப் பார்த்தான். டான்சோவைப் பார்த்தான். உட்கார்ந்தான்.

டான்சோ எல்லாவற்றையும் சொன்னார். மணி, நோட்டு, கோர்ட் படி, எதையும் விடவில்லை. நடுவில் எங்கோ அவர் வாயில் 'நீ' போய் 'நீங்க' வந்திருந்தது. "தப்பு என்னுது மாஸ்டர்," என்று முடித்தார்.

சாஃபோ கோபப்படவில்லை. "அன்னிக்குப் பத்திரிகைக்காரனைக் கூப்பிட்டீங்களே, இன்னிக்கு?" என்றார்.

"கூப்பிட்டாச்சு. வெளியே வாசல்ல நிக்கிறான். அவன்கிட்டயும் இதையேதான் சொல்லப்போறேன்."

"எப்ப விடுவாங்க?"

"ஜட்ஜ் முன்னாடி மனு போட்டாச்சு. ரெண்டு வாரம் ஆகலாம்னு சொல்றாங்க."

சாஃபோ தலையை ஆட்டினார். ரெண்டு வாரம் என்பது அவருக்கு நிறையா, கொஞ்சமா என்று முகத்தில் தெரியவில்லை. பிறகு பிராகோ பக்கம் திரும்பினார்.

"வண்டி எப்படி ஓடுது?"

பிராகோ மன்னிப்புக் கேட்கத்தான் வாயைத் திறந்தாள். இந்தக் கேள்விக்கு அவள் தயாராக வரவில்லை. "நல்லா ஓடுது மாஸ்டர். மம்போங் ஏத்தத்துல பாரத்தோட மூணாவது கியர்லயே ஏறுது."

"புகை?"

"காலையில கொஞ்சம். அப்புறம் இல்லை."

"எண்ணெய் மாத்தினீங்களா?"

அவள் கண் மேசைக்கு இறங்கியது.

"வண்டியைக் காட்டினப்பவே சொன்னேன்ல? புதுசா கோத்த இஞ்சின், உள்ளே துகள் உதிரும், முதல் எண்ணெயை ஒரு மாசத்துல வடிச்சே ஆகணும்னு?"

"மறந்துட்டேன்."

"எத்தனை மாசமா?"

"அன்னிக்கிலேர்ந்து..."

சாஃபோ எழுந்த வேகத்தில் பெஞ்ச் பின்னால் சாய்ந்து தரையில் அடித்தது. வார்டர் ஓடி வந்தார். "பத்து மாசமாவா? பத்து மாசமா அதே எண்ணெயிலயா ஓட்டுறீங்க? கிழங்கு ஏத்தி, மலை ஏத்தி? அந்த பேரிங் ஒண்ணொண்ணையும் நான் கையால தேய்ச்சுத் தேய்ச்சு உக்கார வெச்சேன் அம்மா! மூணு நாள் வேற வேலையைத் தொடலை! அது என்ன பாவம் பண்ணுச்சு உங்களுக்கு?" குரல் உடைந்தது. கைகளால் முகத்தை மூடிக்கொண்டார். தோள்கள் குலுங்கின.

தீர்ப்பு வாசித்தபோது உயராத குரல் அது. டான்சோ அசையாமல் நின்றார். இந்த வண்டியைக் கண்ட விலைக்குத் தள்ளிவிட்டவன் என்று இந்த மனிதரைத்தான் அவர் கோர்ட்டில் கை நீட்டிக் காட்டியிருந்தார். மணியும் வேண்டாம், நோட்டும் வேண்டாம். இஞ்சினுக்கு எண்ணெய் எப்போது மாற்ற வேண்டும் என்று ஒரே ஒரு கேள்வி கேட்டுவிட்டு இந்த முகத்தைப் பார்த்திருந்தால் போதும். சொந்தக்காரன் தவிர யாரும் இப்படிக் கோபப்பட மாட்டான். சொந்தக்காரன் தன் பொருளைத் திருடி விற்க மாட்டான்.

டான்சோ குனிந்து, விழுந்த பெஞ்சைத் தூக்கி நிறுத்தினார். "உக்காருங்க மாஸ்டர்."

சாஃபோ உட்கார்ந்தார். அவரைப் பார்க்கவில்லை. முகத்தைச் சட்டையில் துடைத்துக்கொண்டு பிராகோவிடம் மட்டும் பேசினார். எந்த எண்ணெய், எத்தனை லிட்டர், வடிகட்டி எந்தக் கடையில் கிடைக்கும், வடிக்கிறபோது இஞ்சின் சூடாக இருக்க வேண்டும், வடித்த எண்ணெயை வெள்ளைத் துணியில் ஊற்றி இரும்புத் துகள் மின்னுகிறதா என்று பார்க்க வேண்டும்.

அராபா நோட்டைத் திறந்து பேனாவை எடுத்தாள். டான்சோ இரண்டையும் அவள் கையிலிருந்து வாங்கிக்கொண்டார். மேசையின் ஓரத்தில் நின்றபடி, ஒரு சொல் விடாமல் எழுத ஆரம்பித்தார்.